களங்கத்தை அளப்பது எப்படி? சென்னையில் ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சமூகப்பணி, உளவியல் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் இந்தத் தலைப்போடு வருகிறார்கள்: சென்னையில் தன்பாலீர்ப்பு ஆண்களின் மனநலம். கையில் மனச்சோர்வை அளக்கும் ஒரு பி.எச்.கியூ-9 படிவம் இருக்கும், களங்கத்தை, அதாவது சமூகம் அவர்கள்மீது சுமத்தும் இழிவை, அளக்க இணையத்திலிருந்து இறக்கிய ஓர் அளவுகோல் இருக்கும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சில மாதங்களே இருக்கும். இரண்டு படிவங்களையும் நிரப்பி வாங்கி, கூட்டிப் பார்த்து, 'களங்கம் கூடினால் மனச்சோர்வு கூடுகிறது' என்று முடித்துவிடலாம். அதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து, முதல் வாரத்திலேயே 'ஒரு சர்வே எடுத்துக் கொடுங்கள்' என்று சொல்லப்பட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், எதை அளக்கப்போகிறீர்கள்?

களங்கம் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் கேள்வித்தாளில் அது குறைந்தது நான்காகப் பிரியும். நடந்துவிட்டவை ஒன்று: அடி, வசை, வேலையிழப்பு, இரவில் நிறுத்தி வைத்து மிரட்டிப் பறித்த பணம். நடக்காவிட்டாலும் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இரண்டாவது: 'தெரிந்தால் அப்பா என் முகத்தில் விழிக்கமாட்டார்'. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்காகச் செய்யும் மறைப்பு மூன்றாவது. ஊர் சொல்வதைத் தானும் நம்பிவிடுவது நான்காவது: 'என்னிடம்தான் ஏதோ கோளாறு'. அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல் விரித்துரைத்த சிறுபான்மையர் மன அழுத்த மாதிரியும் ஏறக்குறைய இந்த நான்கின் மீதுதான் நிற்கிறது. வெளியே நடப்பதிலிருந்து உள்ளே குடியேறுவது வரை வரிசையாக வைத்திருக்கிறார்.

இந்த நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எடுத்துக்காட்டாக ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வயது, அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், பெற்றோருடன் வசிக்கிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. அடித்தார்களா? இல்லை. வேலை போனதா? இல்லை. நண்பர்கள் ஒதுக்கினார்களா? இல்லை. நடந்தவை பற்றிய பத்துக் கேள்விகளுக்கும் பூஜ்யம். அவரைக் 'களங்கம் குறைந்தவர்' என்ற குழுவில் போட்டுவிட்டால் உங்கள் முழு ஆய்வும் கவிழ்ந்துவிடும். அவருக்கு எதுவும் நடக்காததற்குக் காரணமே, நடக்க விடாமல் ஒவ்வொரு நாளும் அவர் பார்த்துக்கொள்வதுதான். அலுவலகத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி வைத்திருப்பார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தே பழகியிருப்பார். அந்த உழைப்புக்கான விலை மறைப்புக் கேள்விகளிலும் எதிர்பார்ப்புக் கேள்விகளிலும்தான் தெரியும். பூஜ்யத்தைப் பார்த்தவுடன் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அளவுகோலைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாக ஒன்றை உருவாக்க ஆசைப்படாதீர்கள். அது தனியொரு முனைவர் பட்டத்துக்கான வேலை. ஏற்கெனவே சோதித்ததை எடுத்து நம் ஊருக்கு ஏற்பத் திருத்துங்கள். நியூயார்க், மயாமி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் 912 லத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பு ஆண்களிடம் ரஃபேல் டியாஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2001-இல் வெளியானது. அதன் கேள்விகளைத் தழுவி ஷாங்காயில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கான அளவுகோலை நீலண்ட்ஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்டார்கள். இந்த மரபில் வந்த கேள்விகள் நமக்கு அன்னியமாக இருப்பதில்லை. டியாஸின் பட்டியலிலேயே, வளரும் வயதில் 'இப்படிப்பட்டவர்கள் வயதான காலத்தில் தனியாகத்தான் கிடப்பார்கள்' என்று எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. அதை நம் வீடுகளில் கேட்காதவர் யார்?

நமக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரியும் உண்டு. கார்மன் லோகி, பீட்டர் நியூமன், வெங்கடேசன் சக்ரபாணி, முரளி சண்முகம் ஆகியோர் சென்னையில் 100 பேர், கும்பகோணத்தில் 100 பேர் என்று எடுத்த ஆய்வு 2012-இல் வெளியானது. அவர்கள் களங்கத்தைப் பொத்தாம்பொதுவாக அளக்கவில்லை. நடை, பேச்சு, பாவனை 'ஆண் மாதிரி இல்லை' என்பதற்காக வரும் இழிவைத் தனியாகவும், எச்.ஐ.வி. சார்ந்த இழிவைத் தனியாகவும் அளந்து, இரண்டும் மனச்சோர்வோடு எப்படித் தொடர்புறுகின்றன என்று பார்த்தார்கள். சென்னையில் வேலை செய்யப்போகிறவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். பெண்மை கலந்த நடை, பாவனையோடு, தன்னைக் கோத்தி என்று சொல்லிக்கொள்பவருக்குப் பஸ்ஸில் கிடைக்கும் கேலியும், மீசை முறுக்கிய 'சாதாரண' ஆண் ஒருவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஒன்றல்ல. இருவரும் ஆண்களை விரும்புகிறவர்களே. ஆனாலும் தெரு அவர்களை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

கேள்விகளை நம் ஊருக்குத் திருத்துதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இது. பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவதும் இதைத்தான்.

இருமொழி தெரிந்த ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு, விலகிய இடங்களைச் சரிசெய்ய வேண்டும். இது பாடப்புத்தக முறை. தேவைதான், ஆனால் போதாது. அடுத்து, ஆய்வில் சேரப்போகும் ஆண்களைப் போன்ற ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, 'இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வந்தது?' என்று கேளுங்கள். பதில் வேண்டாம், நினைவு மட்டும் போதும். கேள்வி எங்கே பிசகுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வாடகை வீட்டுக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 'உங்கள் பாலீர்ப்பு காரணமாக வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்களா?' என்று கேட்டால் சென்னையில் பதில் குழம்பும். இந்த ஊரில் திருமணமாகாத ஆணுக்கு வீடு கிடைப்பதே அரிது. அசைவம் சமைத்ததற்கும் காலி செய்யச் சொல்வார்கள், நண்பர் ஓரிரவு தங்கியதற்கும் சொல்வார்கள். தன்னைக் காலி செய்யச் சொன்னது எதற்காக என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் 'ஆம், இல்லை' என்ற இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக மூன்று வையுங்கள்: 'நடந்தது, இதனால்தான்'; 'நடந்தது, காரணம் உறுதியாகத் தெரியாது'; 'நடக்கவில்லை'. நடுவில் உள்ள கட்டம் வெறும் குழப்பம் இல்லை. 'இது எனக்காகத்தானா?' என்று ஓயாமல் யோசித்துக்கொண்டிருப்பதே மனத்தை அரிக்கும் ஒரு சுமை.

ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதையும் கவனியுங்கள். உங்களால் குடும்பத்துக்கு வேதனையும் தலைகுனிவும் வந்ததாக உணர்ந்தீர்களா என்ற கேள்வி டியாஸின் பட்டியலிலிருந்து வருவது. 'அம்மா அழுதார், ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது, அதனால் தலைகுனிவு இல்லை' என்பவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வெளிநாட்டு அளவுகோல்களில் இருக்காது, இங்கே இல்லாமல் முடியாது என்று ஒரு பகுதி உண்டு: கல்யாணம். பெண் பார்க்கும் பேச்சைத் தவிர்க்கப் பொய் சொல்ல வேண்டியிருந்ததா, உங்களைக் கேட்காமலே ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்தார்களா, தங்கைக்கோ தம்பிக்கோ வரன் அமைவது உங்களால் தள்ளிப்போகிறது என்று சொன்னார்களா, சொந்தக்காரர்களின் விசேஷங்களுக்குப் போவதைத் தவிர்க்கிறீர்களா? இவற்றை நான்கைந்து கேள்விகளாக்குங்கள். ஏற்கெனவே மணமானவர்களுக்குத் தனிப் பகுதி வேண்டும். ஆண்களை விரும்பும் ஆண்களில் மணமானவர்கள் இங்கே கணிசம். அவர்களிடம் 'உங்களைக் கல்யாணத்துக்கு வற்புறுத்துகிறார்களா?' என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள்.

காலவரம்பையும் திட்டவட்டமாகச் சொல்லிவிடுங்கள். 'வாழ்நாளில்' என்று கேட்டால் பள்ளிக்கூடக் கேலி முதல் நேற்றைய கசப்பு வரை எல்லாம் ஒன்றாக வந்து விழும். நம் நாட்டில் இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியது, உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்தது, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவைக் குற்றமல்ல என்றது. சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகி, மீண்டு, மறுபடி குற்றவாளியாகி, மறுபடி மீண்ட ஒரு தலைமுறை உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும். அதனால் வளரும் வயதுக் கேள்விகளைத் தனியாகவும் கடந்த 12 மாதக் கேள்விகளைத் தனியாகவும் வையுங்கள்.

மனநலத்தை அளத்தல்

இது எளிது. பி.எச்.கியூ-9 தமிழில் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. வழக்கமாக 10-ஐயும் அதற்கு மேலும் மேற்கொண்டு கவனிக்க வேண்டிய அளவாகக் கொள்வார்கள். அது நோயறிதல் அல்ல, சல்லடை. '10-க்கு மேல் எடுத்தவர்கள் மனச்சோர்வு நோயாளிகள்' என்று எழுதிவிடாதீர்கள். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 சேர்த்துக்கொள்ளலாம். குடிப்பழக்கத்தையும் கேட்பதாக இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) படிவம் இருக்கிறது. அதற்கு மேல் அடுக்காதீர்கள். முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் பதில்கள் எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழத் தொடங்கும்.

தூக்கம், சோர்வு, பசி பற்றிய கேள்விகளில் மட்டும் சற்று நிதானம். மே மாதத்து மின்வெட்டில் தூங்காதவரையும், ஓ.எம்.ஆர். சாலையில் இரவுப் பணி பார்ப்பவரையும், மனம் சோர்ந்து தூங்காதவரிடமிருந்து அந்தக் கேள்வி பிரித்தறியாது. பணிநேரத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். களங்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பவற்றையும் அளப்பது நல்லது: விஷயம் தெரிந்தும் கூட நிற்கும் ஒருவராவது உண்டா, நெருக்கடியில் யாரிடம் போவார்? மேலே சொன்ன சென்னை, கும்பகோணம் ஆய்வும் சமூக ஆதரவைச் சேர்த்தே பார்த்தது.

ஒன்பதாவது கேள்வி

பி.எச்.கியூ-9-இன் கடைசிக் கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அன்றே, அந்த அறையை விட்டு அவர் எழுந்து போவதற்கு முன்பே நீங்கள் செய்ய வேண்டியது எழுத்தில் இருக்க வேண்டும். களத்தில் இறங்கிய பிறகு யோசிக்கிற காரியம் அல்ல இது. இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா, திட்டம் ஏதும் உண்டா, இன்றிரவு கூட யார் இருப்பார்கள் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் தொலைபேசி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. அரசின் டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவைக்கு 14416. இரண்டையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். யாரிடம் அனுப்புகிறீர்களோ அந்த மருத்துவரிடம் நீங்களே முன்கூட்டிப் போய்ப் பேசிவிடுங்கள். 'கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்' என்று சொல்லும் மருத்துவரிடம் ஒருவரை அனுப்புவது, ஆய்வின் பெயரால் நீங்களே இழைக்கும் கொடுமை. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை தொழில்முறை நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

அனுமதியும் ஒப்புதலும்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். புதியவர்களுக்கு உறைக்காத ஓர் இடம்: கையெழுத்து. தரவுகளில் பெயரே இல்லாமல் பார்த்துக்கொண்டுவிட்டு, ஒப்புதல் படிவத்தில் மட்டும் முழுப் பெயரும் கையெழுத்தும் வாங்கிக் கல்லூரி அலமாரியில் வைத்தால் என்ன பயன்? அந்தக் கோப்புதான் ஆய்விலேயே ஆபத்தான பொருள். கையெழுத்திலிருந்து விலக்குக் கேட்டு, வாய்மொழி ஒப்புதல் வாங்குங்கள். காரணத்தைத் தெளிவாக எழுதினால் குழுக்கள் ஏற்க இடமுண்டு.

யாரைச் சேர்ப்பது?

ஆண்களை விரும்பும் ஆண்களுக்காகப் பணியாற்றும் சகோதரன் போன்ற சென்னை அமைப்புகளின் வழியாக மட்டும் ஆள் சேர்த்தால் எச்.ஐ.வி. தடுப்புப் பணியோடு ஏற்கெனவே தொடர்புள்ளவர்களே அதிகம் வருவார்கள். துணை தேடும் செயலிகளின் வழியாக மட்டும் சேர்த்தால் ஆங்கிலம் புழங்கும், சொந்த அறை உள்ள இளைஞர்கள் வருவார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் நாற்பது வயதுக்காரர் இரண்டிலும் இல்லை. வந்தவரிடமே இரண்டு மூன்று சீட்டுகளைக் கொடுத்து, அவருக்குத் தெரிந்தவர்களை அழைத்துவரச் சொல்லும் முறையை ஹெக்கத்தார்ன் 1997-இல் வகுத்தார். மறைந்து வாழும் மக்களிடையே அது நன்றாகவே வேலை செய்யும். தொடக்கத்தில் சீட்டு பெறுபவர்களை வெவ்வேறு வயதிலும் வருமானத்திலும் தேடிப் பிடியுங்கள். சந்திப்பு இடங்களுக்குப் போய் ஆள் சேர்த்தால் அறிக்கையில் பூங்கா, ரயில் நிலையம் எதன் பெயரையும் எழுதாதீர்கள். அந்த அறிக்கையைக் காவலர்களும் படிக்கலாம், மிரட்டிப் பணம் பறிப்பவர்களும் படிக்கலாம்.

எத்தனை பேர்? களங்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் இடையே 0.2 அளவுக்குச் சிறிய தொடர்பைப் (தொடர்புக் கெழு) பிடிக்க வேண்டும் என்றால், வழக்கமான 80 விழுக்காடு திறனுக்கு, அதாவது இருக்கும் தொடர்பு கண்ணில் படும் வாய்ப்பு 80 விழுக்காடாக இருக்க, ஏறக்குறைய 194 பேர் தேவை. 0.3 போதும் என்றால் 85 பேர். அறுபது பேரை வைத்துக்கொண்டு உட்குழுக்களை ஒப்பிடாதீர்கள்.

நேர்காணல் நாள்

டீக்கடை வேண்டாம், வீடு வேண்டவே வேண்டாம். மூன்று அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது கதவைத் தாழிட்டாலே கேள்வி வரும். கதவு மூடக்கூடிய, பெயர்ப்பலகை எதையும் காட்டிக்கொடுக்காத அறை ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பில் நினைவூட்டல் அனுப்பினால் 'சனிக்கிழமை 4 மணி, மறக்க வேண்டாம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. பூட்டிய திரையிலும் செய்தி தெரியும். பயணச் செலவை ஜிபேயில் அனுப்பாதீர்கள். அனுப்பும் முன்பே வங்கியில் உள்ள முழுப் பெயர் திரையில் வந்து நிற்கும். உங்களிடம் 'அருண்' என்று சொன்னவரின் உண்மைப் பெயர் உங்களுக்கும் தெரிந்துவிடும், உங்கள் பெயர் அவருடைய கணக்கு விவரத்திலும் ஏறிவிடும். ரொக்கமாக, உறையில் கொடுங்கள்.

நேர்காணல் செய்பவர் இதே சமூகத்தைச் சேர்ந்தவராக இருப்பது நல்லதா? நம்பிக்கை கூடும் என்பது உண்மை. ஆனால் சென்னையில் இந்த வட்டம் சிறியது. எதிரில் உட்காருபவர் முன்னாள் காதலரின் நண்பராக இருந்துவிடலாம். யார் கேட்கலாம் என்பதை வருபவரே தேர்ந்தெடுக்கட்டும். உள்வாங்கிய களங்கம், வன்முறை பற்றிய பகுதிகளை அவரே டேப்லெட்டில் குறியிடும்படி வைத்துவிடுவது இன்னும் நல்லது. படிக்கச் சிரமப்படுபவருக்குக் காதில் கேட்கும் ஒலிப்பதிவு போதும்.

வெளியிலிருந்து வரும் கேள்வியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்காமல் அனுப்பாதீர்கள். 2021-இல், பாதுகாப்புக் கேட்டு ஒரு தன்பாலீர்ப்புப் பெண் இணையர் தொடர்ந்த சுஷ்மா வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதும் முன் தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். நீதிபதிக்கே தேவைப்பட்டது முதலாண்டு மாணவருக்குத் தேவைப்படாதா?

எண்களைப் பார்க்கும் முறை

மென்பொருளைத் திறந்ததும், பல காரணிகளை ஒருசேரப் பொருத்திப் பார்க்கும் ரிக்ரெஷனுக்குத் தாவாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று முதலில் பாருங்கள். எல்லோரும் பூஜ்யம் சொன்ன கேள்வியும், பாதிப் பேர் விட்டுவிட்ட கேள்வியும் அங்கேயே பிடிபடும்.

எதிர்பார்ப்பு, உள்வாங்கிய களங்கம் ஆகிய பகுதிகளுக்குக் குரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், பார்க்கலாம், 0.7-க்கு மேல் வந்தால் நிம்மதி. நடந்த நிகழ்வுகளின் பட்டியலுக்கு ஆல்ஃபா குறைவாக வந்தால் பதறி, கேள்விகளை நீக்கிவிடாதீர்கள். வேலை போனவர் அடிபட்டிருக்கவும் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவை ஒரே உணர்வின் பல முகங்கள் அல்ல, தனித்தனிச் சம்பவங்கள். எத்தனை வகை நடந்தது என்று எண்ணிக்கொள்வதே சரி.

பிறகு நான்கு பகுதிகளையும் தனித்தனியாக மனச்சோர்வோடு பொருத்திப் பாருங்கள். வயது, வருமானம், கல்வி, திருமண நிலை, எச்.ஐ.வி. நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மறைப்பு அதிகமாகவும் நிகழ்வுகள் பூஜ்யமாகவும் உள்ளவர்களைத் தனிக் குழுவாக எடுத்து, அவர்களுடைய பி.எச்.கியூ மதிப்பெண்ணை மற்றவர்களோடு ஒப்பிடுங்கள். அம்பத்தூர்க்காரர் போன்றவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை இந்த ஒப்பீடுதான் காட்டும். ஆய்வேட்டில் எழுதத் தகுந்த பகுதியும் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

ஒரே ஒருமுறை எடுத்த தரவிலிருந்து 'களங்கத்தால் மனச்சோர்வு வந்தது' என்று எழுத முடியாது. மனம் சோர்ந்திருப்பவருக்குப் பழைய அவமானங்கள் கூடுதலாக நினைவுக்கு வரும். அம்பு எதிர்த்திசையிலும் பாயலாம். 'தொடர்புள்ளது' என்று எழுதுங்கள். முடிந்தால் ஆறு மாதம் கழித்து அதே ஆட்களைத் திரும்பப் பாருங்கள். அப்போதுதான் எது முந்தியது என்று சொல்ல ஏதாவது இருக்கும்.

முடித்த பிறகு

சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் இணைக்கும் பட்டியலைக் கடைசி நேர்காணலுக்குப் பிறகு, நெறிமுறைக் குழுவிடம் சொன்ன தேதிக்குள் அழித்துவிடுங்கள். மீண்டும் சந்திக்கும் திட்டம் இருந்தால் அதற்கான தேதியையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் மடிக்கணினியில், வழிகாட்டிப் பேராசிரியரின் மின்னஞ்சலில், குழுவின் வாட்ஸ்ஆப்பில் அதன் பிரதி கிடக்கிறதா என்றும் பாருங்கள். முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, ஆள் சேர்க்க உதவிய அமைப்புகளிடம் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். அதை ஆய்வேட்டைக் கட்டுக்கட்டும் முன்பே செய்துவிடுங்கள். 'இந்த எண் தப்பு, எங்கள் ஏரியாவில் அப்படி இல்லை' என்று யாராவது சொன்னால் திருத்த அப்போது நேரமிருக்கும்.